புது வீட்டு மதிலில் பூச்சு வெடித்தால் செய்ய வேண்டியவை

தக்கலைக்குப் பக்கத்தில், வயலை நிரவிப் பிரித்த மனைகளில் ஒன்றில் எட்டு சென்ட் வாங்கி வீடு கட்டினோம். முகூர்த்த நாள் நெருங்குகிறது என்ற அவசரத்தில் பங்குனி வெயிலில் மதிலைப் பூசி, வைகாசியில் பால் காய்ச்சினோம். ஆடி முடிவதற்குள் தோட்டத்தைச் சுற்றிய மதிலில் மூன்று பக்கமும் பூச்சு வெடித்துவிட்டது. ஒப்பந்ததாரர் ஆள் அனுப்பிப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, "இனி ஒன்றும் வராது" என்றார். ஐப்பசி மழையில் அதே இடங்கள் மறுபடியும் திறந்தன, கிழக்குப் பக்கத்தில் இரண்டு முழம் அகலத்துக்குப் பூச்சு பலகையாகக் கழன்று செம்பருத்திச் செடியின் மேல் விழுந்தது. அதன் பிறகுதான் இதை முறைப்படி அணுக வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. குமரி மாவட்டத்தில் புதிதாக வீடு கட்டி முடித்து இதே நிலையில் நிற்பவர்கள் நான் தடுமாறிய இடங்களில் தடுமாறாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

1. எதையும் மூடாதீர்கள், முதலில் தேதி எழுதுங்கள்

வெடிப்பைக் கண்டதும் பட்டி பார்க்கச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். மூடப்பட்ட வெடிப்பு எவ்வளவு அகலமாக இருந்தது, எந்தத் திசையில் ஓடியது, வளர்ந்ததா நின்றதா என்பதை அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. பொறியாளருக்கும் காரணம் தெரியாது, வழக்கு என்று போனால் உங்கள் கையில் ஆதாரமும் இருக்காது.

பென்சிலை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு வெடிப்பும் முடியும் இரண்டு முனைகளிலும் குறுக்காக ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், கோட்டைத் தாண்டிப் போனது எது, அங்கேயே நின்றது எது என்று சுவரே சொல்லிவிடும். வெடிப்பின் மேல் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம், நான்கடி தள்ளி நின்று ஒரு படம் என இரண்டிரண்டாக எடுங்கள். கிட்டத்தில் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தச் சுவர் என்று ஆறு மாதம் கழித்து நீங்களே கண்டுபிடிக்க முடியாது.

2. வெடிப்பின் வடிவத்தைப் படியுங்கள்

அகலத்தை வைத்து 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை மெல்லியவை, 1 முதல் 2 வரை நடுத்தரமானவை, 2-க்கு மேல் அகன்றவை என்று பொறியாளர்கள் பிரிக்கிறார்கள். ஆனால் அகலத்தைவிட வடிவம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சிலந்தி வலை போலச் சுவர் முழுவதும் பரவிய மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வருபவை. கலவையில் சிமென்ட் அதிகமாக இருந்தாலும், சீக்கிரம் இழைத்து முடிப்பதற்காக ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமென்டைத் தூவித் தேய்த்திருந்தாலும், தண்ணீர் விடாமல் வெயிலிலும் காற்றிலும் காயவிட்டிருந்தாலும் இது வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் தோவாளைப் பக்கத்தில் காலையில் பூசிய சுவர் மதியத்துக்குள் வெளுத்துவிடும். அந்தப் பகுதியில் வீடு கட்டுபவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இவ்வகைக் கீறல் ஆபத்தானதல்ல.

ஹாலோ பிளாக் கல்லின் இணைப்புகளை ஒட்டிப் படிக்கட்டு போல ஏறும் வெடிப்பு, கற்கள் முழுவதும் காயாமல் கட்டப்பட்டு, கட்டிய பிறகு சுருங்கியதைக் காட்டுகிறது. கான்கிரீட் தூணும் கல்லும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே இறங்கும் வெடிப்பு, அந்த இணைப்பில் கம்பி வலை அடிக்காமல் பூசியதன் விளைவு. எங்கள் மதிலில் பத்தடிக்கு ஒரு தூண். பதின்மூன்று தூண்களில் ஒன்பதின் ஓரத்தில் இப்படிக் கோடு விழுந்திருந்தது. மதில் தலைப்பை ஒட்டிப் படுக்கையாக ஓடும் வெடிப்பு, மேல்பரப்பில் சரிவு இல்லாததாலோ, தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டி விழுவதற்கான சொட்டுக் காடி விடாததாலோ மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதைக் காட்டும்.

அடிப்பகுதியில் பூச்சு உப்பி, வெள்ளையாகப் பூத்து, கையால் தடவினால் மணலாக உதிர்ந்தால் ஈரமும் உப்பும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதைப் பார்த்தவுடன் மணலிலோ தண்ணீரிலோ உப்பு இருந்ததா என்று கேளுங்கள். உட்பகுதிகளில் பெரும்பாலும் நாமே குற்றவாளிகள்: செடி வைப்பதற்காக மதிலோடு சேர்த்து மண்ணைக் குவித்து, தினமும் தண்ணீர் விடுகிறோம்.

இவை எல்லாம் பூச்சின் நோய்கள். சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்று, சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரியும் வெடிப்பு வேறு இனம். அது அஸ்திவாரம் இறங்கியதைச் சொல்கிறது, வயல் நிரவிய மனைகளில் இது அரிதல்ல. ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சுவர் சாய்ந்திருந்தால், குறிப்பாக ஒரு பக்கம் மண் உயரமாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால், பூச்சைத் தொடவே வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாமல், நேராக நான்காம் படிக்குப் போய்விடுங்கள்.

3. தட்டிப் பாருங்கள்

சுத்தியலின் மரப்பிடியோ ஒரு பழைய சாவிக்கொத்தோ போதும். ஒரு சாண் இடைவெளியில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனால், நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சு கல்லைத் தட்டுவது போலக் கெட்டியாக ஒலிக்கும். கழன்று நிற்கும் பூச்சு முற்றிய இளநீரைத் தட்டுவது போல உள்ளே வெற்றாக ஒலிக்கும். வெற்று ஒலி கேட்கும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். சாலைச் சத்தம் குறைந்த விடியற்காலையில் செய்தால் காது ஏமாறாது.

நான் வட்டமிட்ட இடங்களைக் கூட்டிப் பார்த்தபோது 210 சதுர அடி வந்தது. 130 அடி நீளம், 5 அடி உயரம் கொண்ட மதிலில் ஒரு முகத்தின் பரப்பு 650 சதுர அடி. ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் கெட்டிருந்தது. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் போயிருந்தால், முழு முகத்தையும் சதுர அடிக்கு 55 ரூபாய் வீதம் மறுபடியும் பூச வேண்டும் என்று ஒருவர் எழுதித் தந்த 35,750 ரூபாய் மதிப்பீட்டை நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

கழன்று விழுந்த துண்டு இருந்தால் எறியாதீர்கள். அதன் முதுகைப் பாருங்கள். எங்கள் துண்டின் முதுகு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. கல்லிலோ கலவையின் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. கல்லைக் கழுவாமல், நனைக்காமல், இணைப்புகளைச் சுரண்டாமல் தூசியின் மேலேயே பூசியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. துண்டுகளை ஒரு சிமென்ட் சாக்கில் கட்டி, தேதி எழுதி, நனையாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

சிமென்ட் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 1:4 கலவையில் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு 100 சதுர அடி பூசக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமென்டும் 5 கன அடி மணலும் வேண்டும். இரண்டு முகமும் 1,300 சதுர அடி என்றால் பதின்மூன்று மூட்டை. சாமான் நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் ரசீதில் எத்தனை மூட்டை என்று பாருங்கள். கணக்குக்கும் ரசீதுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், கேள்வியைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

4. வேலையில் தொடர்பில்லாத பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்

உங்கள் வீட்டுக்கு வரைபடம் போட்டவரையோ ஒப்பந்ததாரர் அழைத்து வருபவரையோ நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எழுதித் தரும் அறிக்கைக்கு மதிப்பு குறைவு. நான் நாகர்கோவிலிலிருந்து ஒருவரை வரவழைத்தேன், பார்வையிட்டு அறிக்கை தர 2,500 ரூபாய் கொடுத்தேன். அறிக்கையில் வெடிப்புகளின் இடம், அகலம், வெற்று ஒலி கேட்ட பரப்பு, காரணம், சரிசெய்யும் முறை, உத்தேசச் செலவு ஆகிய ஆறும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "பூச்சு தரமற்றது" என்ற ஒற்றை வரி அறிக்கை எதற்கும் உதவாது.

5. காகிதங்களைச் சேருங்கள்

ஒப்பந்தப் பத்திரம், மதிப்பீடு, வங்கி வழியாகப் பணம் அனுப்பிய விவரம், சிமென்ட், மணல் ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், படங்கள், பொறியாளர் அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால், "இன்ன தேதியில் இவ்வளவு தந்தேன், கிடைத்ததா" என்று இப்போதாவது ஒரு செய்தி அனுப்பி, பதிலை வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணு ஆவணங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். எனவே அந்தச் செய்திகள் இருக்கும் கைபேசியை மாற்றிவிடாதீர்கள்.

மதில் எல்லையில் நிற்பதால் இன்னொரு காகிதமும் தேவைப்படலாம். வெளிமுகத்தைச் சரிசெய்யப் பக்கத்து மனைக்குள் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும். அவர்கள் சம்மதத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். சுவரை இடித்துக் கட்ட வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலிருந்து புல வரைபடத்தை எடுத்து எல்லையைச் சரிபார்ப்பது நல்லது. புதுச் சுவர் அரையடி நகர்ந்ததால் பேச்சு முறிந்துபோன அண்டை வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

6. கடிதம் எழுதுங்கள், கெடு வையுங்கள்

தொலைபேசியில் பேசினால் "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்ற பதில்தான் வரும். எனக்கு அந்த அடுத்த வாரம் பதினொரு முறை வந்தது. குறைகளை எண்ணிட்டு எழுதி, பொறியாளர் அறிக்கையின் நகலை இணைத்து, 30 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதிகளும் அளவுகளும் போதும். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. பலருக்கு விஷயம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான் முடிந்தது.

7. பதில் வராவிட்டால்

சொந்த மனையில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டியவர்களுக்கு வழி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவதும் அச்சட்டத்தின்படி ஒரு சேவைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது. இணைய வழியில் இ-ஜாக்ருதி தளத்திலும் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பார்ப்பதில் நட்டமில்லை.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, காலக்கெடு: குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் சமாதானம் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பதற்காக அந்தக் காலம் நீளாது. மற்றொன்று, எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதை உங்களுக்கு ஏற்பட்ட இழப்பை வைத்துத் தீர்மானிப்பதில்லை, அந்த வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200, 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வீட்டுக்கும் மதிலுக்கும் சேர்த்து 55 லட்சத்துக்கு ஒரே ஒப்பந்தம் போட்டவர், மதிலில் பதினைந்தாயிரம் ரூபாய் வேலைக்காக மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் மதிலுக்குத் தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் கழியும் வரை தொகையில் 5 சதவீதத்தை நிறுத்திவைக்கும் வரியையும் அதில் சேருங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள்ளும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பதிவு பெற்ற மனை வணிகத் திட்டத்தில் கட்டி முடித்த வீட்டை வாங்கியவர்களுக்கு நிலைமை சாதகமானது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாளுக்குள் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். ஒப்படைப்புக் கடிதத்தின் தேதியைப் பத்திரமாக வையுங்கள்.

8. வேலைக்குக் காலம் பாருங்கள்

தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. ஜூனில் தொடங்கிய சாரல் ஓய்ந்து மூச்சு வாங்குவதற்குள் அக்டோபர் வந்துவிடும். மதில் உள்வரை காய்ந்து, வெயிலும் கொளுத்தாமல் கிடைப்பது தையும் மாசியும்தான். கடிதத்தைக் கார்த்திகையிலேயே அனுப்பிவிட்டால் கெடு முடியும்போது இந்தக் காலம் சரியாக வந்து சேரும். மழைக்கு நடுவே "இரண்டு நாள் வெறித்திருக்கிறது, பூசிவிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

9. கூடவே நின்று செய்யுங்கள்

மயிரிழைக் கீறல்களை விட்டுவிடலாம். நெகிழ்வுத் தன்மையுள்ள வெளிச்சுவர் பெயின்ட் அவற்றை மூடிக்கொள்ளும். பென்சில் கோட்டைத் தாண்டாத 1, 2 மில்லிமீட்டர் வெடிப்புகளை ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அகலப்படுத்தி, தூசியைத் துலக்கி, அக்ரிலிக் நிரப்பியை அடைத்து, மேலே கண்ணாடி நார் வலையை ஒட்டிவிட வேண்டும். தூண் ஓரங்களில் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி, கம்பி வலையை ஆணியடித்துப் பூச வேண்டும். நீளமான மதில் வெயிலில் விரிந்து சுருங்குவதற்கு வழி வேண்டும் என்பதால், இருபது அடிக்கு ஒரு தூண் ஓரத்தில் பூச்சைக் காடியாக வெட்டி ரப்பர் போன்ற சீலன்டை நிரப்பச் சொன்னார் எங்கள் பொறியாளர்.

வெற்று ஒலி கேட்ட இடங்களைக் கட்டிங் மெஷினால் நேர்க்கோடாக வெட்டி, கெட்டிப் பூச்சு தென்படும் வரை கொத்தி எடுக்க வேண்டும். இணைப்புகளைக் கால் அங்குலத்துக்கு மேல், சுமார் 10 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவ வேண்டும். அதன்பின் லேட்டக்ஸ் என்ற ஒட்டுத் திரவம் கலந்த சிமென்ட் பாலை அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். இந்த இடத்தில்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்: சிமென்ட் பாலை அடித்துவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டால் அது காய்ந்து, ஒட்ட வைப்பதற்குப் பதிலாகப் பிரித்து வைக்கும் தோலாகிவிடும். தண்ணீர் ஊற்றிய கலவையையும் அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதை மறுபடியும் தண்ணீர் விட்டு இளக்கவிடாதீர்கள்.

மணலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படியும் வண்டல் மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பூசுவதற்குக் கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் அல்ல, பூச்சுக்கான மெல்லிய பி-சாண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். நான் பழைய சாக்குகளை மதிலின் மேல் தொங்கவிட்டு, காலையும் மதியமும் மாலையும் நனைத்தேன். பெயின்டுக்கு 28 நாள் பொறுங்கள். மதிலோரம் குவித்த மண்ணை ஒன்றரை அடி தள்ளி வாரி, செடிகளையும் நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடிப்பூச்சு மறுபடியும் உப்பும்.

பெயின்ட் நீங்கலாக எங்களுக்கு ஆன செலவு: கொத்தனார் நான்கு நாளுக்கு 4,800, கையாள் ஐந்து நாளுக்கு 4,500, சிமென்ட் மூன்று மூட்டை 1,200, மணல் 18 கன அடி 1,350, வலை, லேட்டக்ஸ், நிரப்பி, சீலன்டு 2,150, இடிபாடு அள்ள 1,000, ஆக 15,000 ரூபாய். கூலி 9,300 ரூபாயை ஒப்பந்ததாரர் ஏற்றார், மீதி 5,700 ரூபாய் என் கையிலிருந்து போனது. முழுவதையும் கேட்டிருக்கலாம் என்று என் மைத்துனர் இன்றும் குறைப்படுகிறார்; மாசி முடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதே எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

10. கையெழுத்திடும் முன் படியுங்கள்

வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரர் ஒரு காகிதத்தை நீட்டுவார். எனக்கு நீட்டியதில், "அனைத்துப் பணிகளும் முழுத் திருப்தியாக முடிந்தன, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்று தட்டச்சு செய்திருந்தது. அதில் கையெழுத்திட்டால் நாளை வீட்டின் மொட்டைமாடி ஒழுகினாலும் அதையே எடுத்துக் காட்டுவார்கள். நான் அதை அடித்துவிட்டு, "கிழக்கு, தெற்கு மதிலின் உள்முகத்தில் 210 சதுர அடிப் பூச்சும், ஒன்பது தூண் இணைப்புகளும் இன்று சரிசெய்யப்பட்டன; வரும் இரு மழைக்காலங்களுக்குள் இவ்விடங்களில் குறை தெரிந்தால் மீண்டும் சரிசெய்து தருவேன்" என்று கையால் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். அவர் பத்து நிமிடம் முணுமுணுத்துவிட்டு, பிறகு பேனாவைக் கேட்டார்.